இருபத்திரண்டு அடி தள்ளி நின்ற கடல்

முரல்தீவிலிருந்து முதல் தடவையாக லோஞ்சு ஏறி அக்கரைக்குப் போகிற எவரும், ஆணென்றாலும் பெண்ணென்றாலும், அதற்கு முந்தின நாள் துறையின் கடைசிப் படியில் இறங்கிக் கணுக்கால் மட்டும் கடலில் கால் நனைக்க வேண்டும், நனைத்தால்தான் கடல் ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும், பிறகு எந்தக் கச்சான் காற்றிலும் இது நம்முடைய பிள்ளை என்று கொண்டுவந்து கரை சேர்க்கும் என்பது அந்த அறுபத்தொரு குடும்பங்களின் வழக்கம். ஆகவே எமல்டாவும் தன் பதினாறாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வெள்ளைப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாசி பிடித்த பதினோராவது படியில் கால் வைத்தாள். வைத்த இடத்தில் கடல் இருக்கவில்லை. அது எழும்பிப் போய்விட்டிருந்தது.

போனது என்றால் ஓடிப் போகவில்லை. பெரியவர் ஒருவர் உள்ளே வந்தால் கதிரையில் இருப்பவர் எழும்பி ஒதுங்குவது போல, சத்தமில்லாமல், மரியாதையாக ஒதுங்கிப்போய்க் கொஞ்சத் தூரத்தில் நின்றுகொண்டது.

“வத்தாக்கும்,” என்றார் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வஸ்தியாம்பிள்ளை. அது கடல் வத்துகிற நேரமல்ல, பெருகுகிற நேரம் என்பது அங்கே நின்ற கைக்குழந்தைக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் தலைவர் என்றால் எதையாவது சொல்லத்தானே வேண்டும். எமல்டா படியை விட்டுச் சேற்றில் இறங்கி ஓரடி வைத்தாள், கடல் ஓரடி பின்னுக்குப் போனது. இடப்பக்கம் திரும்பினாள், அதுவும் இடப்பக்கம் விலகியது. வெறும் சேற்றில் ஏழெட்டுக் கீளி மீன்கள் துடித்தன. வீணாய்ப் போவானேன் என்று இரண்டு பெண்கள் இறங்கி அவற்றைச் சேலைத் தலைப்பில் பொறுக்கிக்கொண்டார்கள். பிறகு, காலைச் சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டபடியால், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

போகாமல் நின்றவர் எமல்டாவின் தகப்பன் செபமாலை. முரல்தீவுக்கும் பட்டணத்துக்கும் இடையில் ஓடுகிற ஒரே லோஞ்சை ஓட்டுகிறவர் அவர்தான். எஞ்சின் எண்ணெய் பட்ட கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரே விரலை நெடுநேரம் துடைத்தார்.

கடல் எமல்டாவை விட்டு விலகத் தொடங்கியது அன்றைக்கா, இல்லை அதற்குப் பல வருடம் முந்தியா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அன்றைக்கு வரை அவள் கடலுக்குக் கிட்டப் போனதே கிடையாது. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, ஏழு வயது அண்ணன் அமலன் துறையடியில் விளையாடப் போய்த் திரும்பி வரவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. அதன்பிறகு செபமாலை வீட்டைத் தீவின் நடுவிலே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாற்றிக் கட்டி, கரைக்குப் போகிற ஒழுங்கைக்குப் பனைமட்டையால் படலை போட்டு, அதைத் தாண்டினால் காலை முறிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தார். சாதாரண தரப் பரீட்சைக்குக்கூட வினாத்தாளும் மேற்பார்வையாளரும்தான் லோஞ்சு ஏறித் தீவுக்கு வந்தார்கள். எமல்டா எழுதினாள், ஒன்பது பாடத்திலும் திறமாகச் சித்தியடைந்தாள், பௌதிகவியல் படிக்க வேண்டும் என்றாள். உயர்தரம் தீவுப் பள்ளிக்கூடத்தில் இல்லை. பட்டணத்துக் கன்னியர் மடப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: விடுதியில் இடம் உண்டு, அடுத்த மாதம் பதினைந்தாம் திகதி திங்கட்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு.

ஆகவே கடல் விலகினால் விலகட்டும், லோஞ்சில் ஏறினால் சரி என்று மறுநாள் காலை எமல்டா பெட்டியோடு ஏறினாள். அவள் பலகையில் இருந்ததும் லோஞ்சுக்குக் கீழிருந்த கடல் வெளியே நழுவியது, லோஞ்சு பதினான்கு பிரயாணிகளோடும் இரண்டு ஆடுகளோடும் மெதுவாகச் சேற்றில் குந்தியது. செபமாலை எஞ்சினை நிறுத்தினார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு மனுசி தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தாள். இருபத்தைந்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, “பிள்ளை, குறை நினையாதை, நீ ஒருக்கால் இறங்கினால் நாங்கள் போயிடுவம்,” என்று அவள்தான் சொன்னாள். எமல்டா இறங்கிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அழுதாள். கண்ணீர் மட்டும் அவளை விட்டு விலகிப் போகவில்லை.

இது ஏன் நடந்தது என்று ஊர் இரண்டு நாள் பேசியது. யாரோ நேர்த்தி வைத்திருக்கிறார்கள் என்பது பொதுவான அபிப்பிராயம். முரல்தீவில் நேர்த்தி வைப்பது எப்படியென்றால், கேட்பதை ஒரு துண்டில் எழுதி, பதிலுக்குத் தான் எதை விடப்போகிறேன் என்பதையும் எழுதி, எது வரைக்கும் என்று தவணையும் குறித்து, கோயிலில் யாகப்பர் சுரூபத்தின் காலடியில் இருக்கிற பெட்டிக்குள் போட வேண்டும். யாகப்பர் தானும் மீன் பிடித்த ஆள், சொன்னதைச் சொன்னபடி செய்வார், கூடவும் செய்யமாட்டார் குறையவும் செய்யமாட்டார், ஆகவே தவணை குறிப்பதில் கவனம் வேண்டும் என்று நடை பழகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். விட்டதைத் திரும்ப எடுத்தால் கேட்டதும் திரும்பிப் போய்விடும். முழங்கால் வலிக்காக வெற்றிலையை விட்ட ஒரு மனுசி, கலியாண வீடொன்றில் ஆசைப்பட்டு ஒரு வாய் போட்டு, பந்தி முடிவதற்குள் நொண்டத் தொடங்கியதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் யார் எதை விட்டிருக்கிறார்கள் என்பது ஊருக்கு அத்துப்படி. கணக்குப் பார்த்தால் புதிதாக ஒருவரும் அகப்படவில்லை. செபமாலை மீன் சாப்பிடுவதில்லைதான், ஆனால் அது கிரந்தி. மீன் பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடித்து ஊறலெடுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள், ஏன் என்ற பேச்சை விட்டுவிட்டு, இதை என்ன செய்யலாம் என்று பேசத் தொடங்கினார்கள்.

கிராம அலுவலரான விதானையார் அளவு நாடாவோடு வந்தார். எமல்டாவைத் துறையடியில் நிறுத்தி நாலு பக்கமும் அளந்தார், எந்தப் பக்கம் பார்த்தாலும் இருபத்திரண்டு அடி. மேலிடத்துக்கு எழுதினார், கரையோர மண்ணரிப்புக்கான படிவம் ஒன்று மூன்று பிரதிகளில் நிரப்பி அனுப்பும்படி பதில் வந்தது, நிரப்பி அனுப்பினார். மாதம் இருமுறை பூசைக்கு வருகிற பங்குச் சுவாமியார், இதுபோன்ற ஒன்று வேதத்தில் உண்டென்றாலும் அது ஒரு சனத்துக்கே வழிவிட்டது, இது வழியை மறிக்கிறது, ஆகவே மேலிடத்துக் கருத்து வரும்வரை தான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். சொல்லிவிட்டு, போன வருடம் லோஞ்சிலிருந்து இறங்கும்போது தன் மூக்குக்கண்ணாடி விழுந்த இடத்தைக் காட்டி, நேரமிருந்தால் பிள்ளை அதில் வந்து ஐந்து நிமிடம் நிற்க முடியுமா என்று கேட்டார். எமல்டா போய் நின்றாள். கண்ணாடி கிடைத்தது, ஒரு பக்கம் சிப்பி பிடித்திருந்தது.

அதோடு சங்கம் கூடி ஒரு நேர அட்டவணை போட்டது. திங்களும் செவ்வாயும் துறையின் உக்கிப்போன தூண்களைப் புதுப்பிக்க எமல்டா அங்கே நிற்பாள். புதன் வியாழன் கடலட்டை பொறுக்க வடக்குப் பக்கம். வெள்ளிக்கிழமை தவறிப்போன சாமான் தேடுதல். சனி ஓய்வு, ஞாயிறு பூசை. தவறிப்போன சாமானுக்கு வஸ்தியாம்பிள்ளை வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எழுதினார்: நங்கூரம் ஒன்பது, அண்டா ஒன்று, கலியாண மோதிரம் இரண்டு, பல்செட்டு ஒன்று. முதல் வெள்ளிக்கிழமையே, தன் மச்சான்தான் களவெடுத்து விற்றான் என்று சொல்லி மரியநாயகம் பதினொரு வருடமாக அவன் முகம் பார்க்காமலிருக்கக் காரணமான சைக்கிள், துறைக்கு நேர் கீழே, ஸ்டாண்ட் போட்டபடி நின்றது. மச்சான் வந்து பார்த்தார், மரியநாயகமும் பார்த்தார், மணியை அடித்துப் பார்த்தார்கள், அடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து அதை உருட்டிக்கொண்டு போனார்கள்.

செபமாலை வீட்டுக்கும் பட்டியலோடு வந்தார் வஸ்தியாம்பிள்ளை. “உனக்குக் கடலிலை என்ன தவறினது, செபமாலை?”

“எனக்கு ஒண்டும் இல்லை,” என்றார் செபமாலை.

வஸ்தியாம்பிள்ளை அப்போதுதான் யாரிடம் என்ன கேட்டோம் என்று விளங்கியவராகப் பட்டியலை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு, தேத்தண்ணீரும் குடிக்காமல் போனார்.

நல்ல சனங்கள். போகாதே என்று ஒருவரும் எமல்டாவிடம் சொல்லவில்லை. பெருநாள் முடியட்டுமே என்றார்கள், தூண் வேலை பாதியில் நிற்கிறதே என்றார்கள், படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது என்றார்கள், அதிகாலையில் வாசலில் முட்டையும் முருங்கைக்காயும் வைத்துவிட்டுப் போனார்கள். வஸ்தியாம்பிள்ளை தன் தம்பியின் மகனான பெறாமகனுக்கு அவளைக் கேட்கலாமா என்றுகூட யோசித்தார், உள்ளூரிலேயே இருப்பாள் அல்லவா. இருபத்திரண்டு அடிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புது வேலை முளைத்தது. எமல்டா காய்ந்த சேற்றில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கன்னியர் மடத்திலிருந்து தபாலில் வந்த பௌதிகப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் ஊர் சனம் வாளியும் மண்வெட்டியுமாகத் திரிய, ஒரு பந்தல்கால் போல அங்கேயே இருந்தாள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு வேண்டியது இரண்டே இரண்டு: படிப்பு, காலில் கொஞ்சம் கடல். இரண்டும் எட்டாமல் எதிரே நின்று மினுங்கின. நாள்காட்டியில் பதினைந்தாம் திகதி கிட்ட வந்துகொண்டிருந்தது.

பதின்மூன்றாம் திகதி சனிக்கிழமை, ஓய்வு நாள். எமல்டா புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, துறையில் இறங்கி, பட்டணம் இருக்கிற திசைக்கு நடக்கத் தொடங்கினாள். ஏழு மைல். கடல் விலக விலக அவள் நடந்தாள். கால் மைலில் தரை சரிந்தது. அரை மைலில் தண்ணீர் அவளைச் சுற்றி வட்டமாக, கிணற்றுக் கட்டுப் போல, தலைக்கு மேலே நின்றது. திருக்கை ஒன்று தண்ணீரின் ஓரமாக வந்து அவளைப் பார்த்துவிட்டுத் தன் அலுவலைப் பார்க்கப் போனது.

மேலே எஞ்சின் சத்தம் கேட்டது. செபமாலை சின்ன வள்ளத்தில் வந்து, வட்டத்தின் விளிம்பில் நிறுத்தி, எட்டிப் பார்த்தார்.

“பிள்ளை, திரும்பு. அங்காலை சேறு.”

“கடல் எனக்குக் கிட்ட வராது, அப்பா.”

“சேறு வருமே.”

அது உண்மைதான். ஏற்கெனவே முழங்கால் மட்டும் வந்துவிட்டது. எமல்டா ஒரு காலை இழுத்தெடுத்தாள், மற்றது புதைந்தது. நின்றுவிட்டாள். நின்று, அண்ணாந்து தகப்பனைப் பார்த்தாள். சிறுவயதிலிருந்து பார்த்த அவருடைய எல்லாச் சாப்பாட்டுக் கோப்பைகளும் அவளுக்கு நினைவுக்கு வந்தன: சோறு, பருப்பு, சொதி, ஓரத்தில் ஒருபோதும் ஒரு மீன்முள் இருந்ததில்லை.

“அப்பா, உங்களுக்குக் கிரந்தி எப்ப துவங்கினது?”

செபமாலை துடுப்பைக் குறுக்கே வைத்தார். “உனக்கு மூண்டு வயசிருக்கும்.”

“அண்ணை போன வருசம்.”

“ஓம்.”

“யாகப்பரிட்டை என்ன கேட்டனீங்கள்?”

“கடல் உன்ரை காலிலை கூடப் படக்கூடாதெண்டு.”

“எது வரைக்கும்?”

முரல்தீவில் ஐந்து வயதுப் பிள்ளையும் கேட்கிற கேள்வி அது. செபமாலை விளிம்பில் இருந்தபடி, அந்தக் கிணற்றுக்குள் நிற்கிற மகளைப் பார்த்துச் சொன்னார்: “தவணை எழுதேல்லை. அண்டைக்கு எனக்கு ஒண்டும் ஓடேல்லை. ஒரு வரி எழுதினன், மடிச்சுப் பெட்டியிலை போட்டிட்டன். மீனை விட்டிட்டன்.”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?”

“கொம்மாவுக்குத் தெரியும். ஊருக்குச் சொன்னால், மறந்துபோய் ஒரு நாள் ஆரும் கறியிலை கருவாட்டைப் போட்டுத் தந்திடுவினம். அந்தப் பயம்.”

எமல்டா பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “எனக்கு உங்களிலை கோவம், அப்பா.”

“தெரியும்.”

“அண்ணையை நினைச்சால் கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு.”

“அதுவும் தெரியும்.”

“திங்கட்கிழமை ஆறரைக்கு நான் பெட்டியோடை துறைக்கு வருவன். நீங்கள் ஓட்டுறதெண்டால் ஓட்டுங்கோ.”

எமல்டா புதைந்த காலை இழுத்தெடுத்துத் திரும்பி நடந்தாள். வள்ளம் இருபத்திரண்டு அடி தள்ளி, அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கரை வரைக்கும் கூடவே வந்தது.

திங்கட்கிழமை காலை புட்டு அவிகிற நேரத்தில் செபமாலை குசினிக்குள் வந்து பலகையில் இருந்தார். லோஞ்சு ஓட்டுகிற சட்டையைப் போட்டிருந்தார்.

“றெஜினா, நேற்றையான் ஓரா மீன் குழம்பு கிடக்கோ?”

எமல்டாவின் தாய் றெஜினா அகப்பையைக் கீழே வைத்தாள். கணவனை ஒரு தடவை பார்த்தாள், மகளை ஒரு தடவை பார்த்தாள். கோப்பையில் புட்டைப் போட்டு, சட்டிக்குள்ளிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். புகைதான் என்று யாரும் பாவனை செய்யவில்லை.

செபமாலை மீனைப் பார்த்தபடி இருந்தார். கையை நீட்டினார். பதின்மூன்று வருடம் தன் பிள்ளையைக் கடலிடமிருந்து பிடித்து வைத்திருந்த கை அது, இப்போது ஒரு துண்டு மீனைப் பிய்க்க வேண்டும், அவ்வளவுதான். பிய்த்தார். ஆனால் ஓரா முள்ளு நிறைந்த மீன், அதைச் சாப்பிடுகிற பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. சதை எது முள் எது என்று தெரியாமல் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

எமல்டா அவர் முன்னால் சப்பாணி கட்டி இருந்து, கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். நடு முள்ளை உருவினாள். பக்க முள்ளுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பையின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். சதையைப் புட்டோடு பிசைந்து, இன்னொரு தடவை விரலால் அழுத்திப் பார்த்து, “இனி முள்ளில்லை, சாப்பிடுங்கோ,” என்று கையில் கொடுத்தாள்.

செபமாலை வாயில் வைத்தார். கனநேரம் மென்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்காமல் விழுங்கினார்.

“புளி கூடிப்போச்சு,” என்றார்.

பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

ஆறரைக்கு எமல்டா துறைக்கு வந்தபோது ஊரே அங்கே நின்றது. வழியனுப்ப அல்ல. அன்றைக்கு அட்டவணைப்படி நாலாவது தூண். வஸ்தியாம்பிள்ளை சீமெந்து குழைத்து இரும்புச் சட்டியில் தயாராக வைத்திருந்தார். “பிள்ளை, லோஞ்சிலை ஏற முந்தி ஒரு பத்து நிமிசம் உதிலை இறங்கி நிண்டிட்டுப் போவன்,” என்றார். லோஞ்சு அவளை ஏற்றாது என்பதில் அவருக்குச் சந்தேகமிருக்கவில்லை, மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னார்.

எமல்டா பெட்டியை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஒன்பதாவது படி. கடல் எழும்பவில்லை. பத்தாவது படி. பதினோராவது படியில் கால் வைத்ததும் தண்ணீர் வந்து அவளுடைய விரல்களைத் தொட்டது, கணுக்காலைச் சுற்றியது, தெரியாத வீட்டுக்கு வந்த நாய் போல முன்னுக்கும் பின்னுக்கும் போய் மோந்து பார்த்து, பிறகு அங்கேயே தங்கிவிட்டது. குளிர்ந்தது. இவ்வளவு குளிரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் சிரித்தாள், சத்தமாக, மூன்று வயதுப் பிள்ளை சிரிப்பது போல.

ஊர் படியோரம் வந்து எட்டிப் பார்த்தது.

“சீமெந்து இறுகப் போகுது,” என்றார் வஸ்தியாம்பிள்ளை, கவலையாக.

ஆனால் கால் நனைந்துவிட்டால் வழக்கம் வழக்கம்தான். ஒவ்வொருவராக வந்து, “போட்டு வா பிள்ளை,” என்றார்கள். மரியநாயகத்தின் மச்சான் அவளுடைய பெட்டியை லோஞ்சில் தூக்கி வைத்தார். ஊற்ற இடமில்லாத சீமெந்தை வீணாக்காமல் கோயில் வாசல் வெடிப்பில் பூசினார்கள், நாலாவது தூண் உக்கினபடியே நின்றது. ஏறுவதற்கு முன் எமல்டா மட்டும், “அப்பா, ரெண்டு நிமிசம்,” என்று சொல்லிவிட்டு, நனைந்த காலோடு கோயில் பக்கம் ஓடிப்போய் வந்தாள்.

பாதி வழியில் ஒரு அலை பக்கத்துப் பலகையால் ஏறி அவளைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது. செபமாலை சுக்கானைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. உள்ளே வந்து இரு என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை, முன்னுக்குத் திரும்பிக்கொண்டார். எமல்டா இருந்த இடத்திலேயே இருந்து, உதட்டை நக்கி, உப்பைப் பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடுதியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விளைமீன் குழம்பு. பட்டணத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று பெரிய துண்டுக்காகச் சண்டை பிடித்தார்கள். எமல்டா தனக்கு விழுந்த துண்டைக் கரண்டியால் தூக்கிப் பக்கத்திலிருந்த பிள்ளையின் கோப்பையில் வைத்தாள். முரல்தீவுக் கோயிலில் யாகப்பரின் காலடிப் பெட்டிக்குள் அவளுடைய கையெழுத்தில் ஒரு துண்டு கிடந்தது. அவசரத்தில் எழுதினாலும் கவனமாகத்தான் எழுதியிருந்தாள்: கடல் என் அப்பாவைத் தொடலாம், நனைக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் முன் கரையில் திருப்பி விட்டுவிட வேண்டும், தவணை, அவர் லோஞ்சை இன்னொருவர் கையில் கொடுக்கும் நாள் வரைக்கும்.

“தீவுப் பிள்ளை, மீன் சாப்பிடமாட்டியோ?” என்று பக்கத்துப் பிள்ளை ஆச்சரியமாகக் கேட்டாள்.

“எனக்குக் கிரந்தி,” என்றாள் எமல்டா.